அறிவியல் அறிவோம்: தகடுகளுக்குள் ஓர் ஆலை



ரப்பர் ஸ்டோரில் பால் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாலில் ஆசிட் கலந்து, அலுமினியத் தகடுகளை வரிசையாகச் செருகுவார்கள். தகடுகளுக்கு இடையே பால் உறையும்.

மெல்லிய எஃகுத் தகடுகளில் நூல் போன்ற வாய்க்கால்கள் வெட்டி, அடுக்கி, காற்றில்லாத சூளையில் சூடேற்றி அழுத்தினால், பசையின்றியே ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதுவே கையடக்க ரசாயனக் கலன். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகர ஆராய்ச்சியாளர்கள் இதில் முன்னோடிகள். ஓர் அடுக்கில் ரசாயனம் ஓடும். அடுத்த அடுக்கில் குளிர்நீர் ஓடும்.

பயன் என்ன என்கிறீர்களா? அண்டாத் தேநீர் வெகுநேரம் சுடும். தட்டில் ஊற்றினால் சட்டென ஆறும். அதே கதைதான்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு, ஒரே தொட்டியில் ஏறத்தாழ 40 டன் விஷ ரசாயனம் இருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து, சூடேறி, கிளம்பிய வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஆலையை ஒட்டிய குடிசைகளில் உறங்கிய ஏழைகள் அவர்களில் பலர்.

சின்னக் கலனில் ஒரு நேரத்தில் இருப்பது சில சொட்டுகளே. ஆனால் உறையும் பொருளை விட்டால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். எல்லா வேலைக்கும் இது உதவாது.

விஷத்தைக் குவித்து வைக்காதிருப்பதே முதல் காவல். வீட்டில் மிச்சக் களைக்கொல்லியைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறீர்களா? இன்றே அதற்கு ஒரு வழி செய்யுங்கள்.