டிக்கிக் கதவும் துடைப்பக் கட்டையும்

சென்ற போகியன்று காலை என் மனைவியின் தலையில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. காரணம் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், கீழே எழுதப் போவதை வாசக அன்பர்கள் வெறும் உபதேசம் என்று தள்ளிவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்லுகிறேன்.

எங்களிடம் இருப்பது பத்து வருடம் ஓடிய சிறிய கார். அதன் டிக்கிக் கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. இரு பக்கமும் இரண்டு கறுப்புக் குழாய்கள் அதைத் தாங்கி நிற்கும். மெக்கானிக்குகள் 'டிக்கி ஷாக்கர்' என்பார்கள். மழைக்காலம் முடிந்ததிலிருந்தே எங்கள் கதவு திறந்த இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. நான் என்ன செய்தேன்? பழைய துடைப்பக் கட்டை ஒன்றை அளவாக அறுத்து டிக்கிக்குள் போட்டுவைத்தேன். திறந்தால் முட்டுக் கொடுப்பது, மூடும்போது எடுத்துவிடுவது. அடுத்த ஞாயிறு மாற்றிவிடலாம் என்று மூன்று மாதம் போயிற்று. போகி விடியலில் மாட்டுங்கா போய்க் கரும்பு, மஞ்சள் கொத்து, வாழையிலை எல்லாம் வாங்கிக்கொண்டு முலுண்ட் திரும்பினோம். அவள் குனிந்து கரும்பை இழுத்தாள். கரும்பின் அடி கட்டையைத் தட்டிவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் தலையில் கட்டோடு பொங்கல் பானைக்கு முன்னால் நின்றவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி மாட்டுங்கா பணிமனையில் பெட்டிகளோடு கழிந்தது. கிரேன் தூக்கிய பெட்டியைத் தாங்கிகளின் மேல் இறக்கி வைத்துச் சரிபார்க்காமல் எவனும் அடியில் தலையை நீட்டக் கூடாது என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! 'சாப், இரண்டே நிமிஷ வேலை' என்று சொன்ன ஒரு பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆசாமி ஓய்வு பெற்றதும் துடைப்பக் கட்டையை நம்பினான். பம்பாயில் இதற்கு 'ஜுகாட்' என்று பெயர் வைத்து, புத்திசாலித்தனம் என்று பாராட்டவும் செய்கிறோம். அவசரத்துக்கு ஒரு நாள் ஜுகாட் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். அது மூன்று மாதம் நீடித்தால் அதற்குப் பெயர் சோம்பல்.

இனி அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர் போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே சுருள்வில் கிடையாது. நைட்ரஜன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் அடைத்து, கொஞ்சம் எண்ணெயும் விட்டு, நிரந்தரமாக மூடியிருப்பார்கள். உள்ளே நகரும் பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் வாயு இரு பக்கமும் போய்வரும். ஆகவே இரு பக்கமும் ஒரே அழுத்தம். தண்டு இருக்கிற பக்கத்தில் மட்டும் அந்தத் தண்டின் பருமன் அளவுக்குப் பரப்பு குறைகிறது. அந்த வித்தியாசம்தான் தண்டை வெளியே தள்ளுகிறது.

எங்கள் குழாயின் மேல் 400 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தது, அதாவது ஏறக்குறைய 40 கிலோ தள்ளு. தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ அழுத்தம் வருகிறது. முழு ரயிலையும் நிறுத்துகிற ஏர் பிரேக் குழாயில் நாங்கள் வைத்துக்கொள்வது 5 கிலோதான். கார் டயரில் இரண்டேகால் கிலோ. கட்டைவிரல் பருமன் குழாய்க்குள் 80 கிலோ! இரண்டு குழாயும் சேர்ந்து 80 கிலோ தள்ளினால் இத்தனை லேசான கதவு ஏன் பிய்த்துக்கொண்டு போகவில்லை என்று கேட்பீர்கள். அவை தள்ளுவது கீலுக்கு மிக அருகில். கதவின் எடையோ கீலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குழாய் ஒரே நாளில் சாவதில்லை. தண்டு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல் உண்டு. நம்மூர் மழை, ஈரக்காற்று, எல்.பி.எஸ். மார்க் புழுதி எல்லாம் தண்டில் படிந்து துருவோ கீறலோ விழுந்தால் சீல் தேய்ந்துபோகும். எண்ணெய் கசியும், பின்னாலேயே வாயுவும் போகும். தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள். குளிரும் இதில் சேர்ந்துகொள்ளும். மே மாத வெயிலில் 45 டிகிரியில் இருந்த வாயு, ஜனவரி விடியலில் 17 டிகிரிக்கு வந்தால் அழுத்தம் ஒன்பது சதவிகிதம் போல் குறையும். பகலில் தள்ளாடிக்கொண்டு நிற்கிற கதவு அதிகாலையில் நிற்காது. நாங்கள் மார்க்கெட்டிலிருந்து திரும்பியது அதிகாலையில்.

மாட்டுப் பொங்கல் கழிந்து சர்வீஸ் நிலையம் ஒன்றில் விசாரித்தேன். கீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். கீலில் ஏதாவது ஆட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பையன் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கணினியில் அப்படித்தான் வருகிறது என்றான். நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்து, அதே எண்ணுள்ள ஜோடியை உதிரிபாகக் கடையில் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன்.

வேலை அரை மணி நேரம். கதவை முழுக்கத் திறந்து, இந்த முறை துடைப்பக் கட்டையை நம்பாமல் என் மகனையே தோள் கொடுத்து நிற்கச் சொன்னேன். ஏர்கண்டிஷன் அறையில் கணினி முன் உட்கார்ந்தே பழகியவன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டான். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம், இரண்டையும் ஒரே சமயத்தில் கழற்றக் கூடாது. குழாயின் இரு முனையிலும் குண்டு ஆணியில் பொருந்தும் கிண்ணம் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைச் சிறிய ஸ்குரு டிரைவரால் லேசாக நெம்பினால் போதும், முழுக்கப் பிடுங்க வேண்டாம். புதியதைப் பழையது இருந்த திசையிலேயே வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். தண்டைப் பிளேயரால் பிடிப்பது மகா பாவம், புதிய சீல் ஒரே மாதத்தில் போய்விடும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். இல்லாவிட்டால் கதவு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

முதல் குழாயை நான் மாட்டினேன். இரண்டாவதை மாட்டியவள் என் பேத்தி, பதின்மூன்று வயது. "தாத்தா, நான் பண்றேன்" என்று ஸ்குரு டிரைவரை வாங்கிக்கொண்டாள். மேலே பால்கனியிலிருந்து என் மருமகள், "மாமா, பரீட்சை இருக்கு அவளுக்கு, கையெல்லாம் கிரீஸ் ஆயிடும்" என்றாள். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன், அவளும் எம்.எஸ்ஸி. படித்த நல்ல பெண். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை முலுண்ட், செம்பூர், மாட்டுங்கா என்று நம் வீடு ஒவ்வொன்றிலும் கேட்டுவிட்டேன். என் தலைமுறையில் ஊரைவிட்டு இங்கே வந்தவர்களில் பாதிப்பேர் கையில் எண்ணெயோடுதான் பிழைத்தோம். லேத், வெல்டிங், டைப்ரைட்டர் ரிப்பேர் என்று எதையும் விட்டோமில்லை. அந்தச் சம்பாத்தியத்தில் படித்த பிள்ளைகளுக்கு பியூஸ் போடத் தெரியவில்லை, குழாய் வாஷர் மாற்றத் தெரியவில்லை. பிளம்பரின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரேக்கையும் ஏர்பேக்கையும் வீட்டில் யாரும் தொடக் கூடாது, அவற்றுக்கு ஆள் வேண்டும். எது நம்மால் ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்கும் அறிவாவது வேண்டாமா? அது இல்லாததால்தான் கணினி சொன்னதைக் கேட்டுக் கீலையும் மாற்றிக்கொண்டு வருகிறோம். சங்கத்தில் வருடா வருடம் பட்டிமன்றம் வைக்கிறோம். ஒரு ஞாயிறு காலை நான்கு பழைய கார்களையும் ஒரு மிக்சியையும் நடுவில் வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் என்ன? சொல்லிக்கொடுக்க என்னைப் போல் நாலைந்து பென்ஷன்காரர்கள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்.

கடைசியாக, எனக்கு உண்மையில் கவலை தருகிற விஷயம். பழைய குழாய் இரண்டும் செத்துவிட்டன என்று நினைத்து பங்கார்வாலாவிடம் பேப்பரோடு சேர்த்துப் போட இருந்தேன். ஒன்றைத் தரையில் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கிப் பார்த்தேன், உள்ளே போன தண்டு மெல்ல வெளியே வந்தது. கதவைத் தாங்க முடியாத குழாயிலும் ஆளைக் கொல்லும் அழுத்தம் மிச்சம் இருக்கும். தீப்பிடித்த காரில் இந்தக் குழாய்கள் வெடித்துப் பறக்கும் என்று தீயணைப்புக்காரர்களுக்குப் பயிற்சியிலேயே எச்சரிக்கிறார்கள். நம் முலுண்ட் பங்கார் எங்கே போகிறது? குர்லாவுக்கு, அல்லது தாராவியின் தேராவது காம்பவுண்டுக்கு. அங்கே ஒரு பையன், நம் ஊர்ப்பக்கத்துப் பையனாகவும் இருக்கலாம், இரும்பு வேறு ரப்பர் வேறாகப் பிரிக்கச் சுத்தியல் எடுத்து அடிப்பான், அல்லது கேஸ் கட்டர் வைப்பான். அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று யார் சொன்னார்கள்? குழாயின் மேல் 'திறக்காதே, நெருப்பில் போடாதே' என்று படமும் எழுத்தும் இருக்கும்தான். எங்களுடையதில் அது எப்போதோ தேய்ந்து மறைந்துவிட்டது. வாயுவை வெளியேற்ற முறை உண்டு. ஆனால் அது சரியான பிடிப்பும் மறைப்பும் வைத்துத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் வேண்டவே வேண்டாம், நானும் செய்யவில்லை.

செக் நாக்கா பக்கம் எனக்குப் பழக்கமான கேரேஜ்காரர் ஒருவர் இருக்கிறார், வயதான மராட்டியர். "காகா, கொண்டுவாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அதுவரை இரண்டு குழாயும் மாடத்தில் செய்தித்தாளில் சுற்றியிருக்கின்றன, மேலே பேத்தி சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கதவு இப்போது ஒரு விரலால் தூக்கினாலே தானாக மேலே போய் நிற்கிறது. ஆனால் என் மனைவி பை எடுக்கும்போதெல்லாம் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் குனிகிறாள்.