பிரிஞ்சாங் குளிருக்கு யார் கணக்கு எழுதுவது?

வெயில் கூடினால் நாடே பேசுகிறது. உலகத் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானோர், அதாவது சுமார் 241 கோடிப் பேர், வேலையின்போது கடும் வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கேமரன் மலையில் கதை வேறு. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி செல்சியஸ், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அங்குதான் பதிவானது.

சுற்றுப்பயணிக்கு அந்தக் குளிர் விடுமுறை. தகரக் கூரை வீட்டில் விடியற்காலை எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவருக்கும், சளியோடு படுத்திருக்கும் கைக்குழந்தைக்கும் அது அன்றாடம். இந்த வேறுபாட்டை அளந்து, எண்ணாக்கி, உலக அரங்கில் வைக்கும் துறை ஒன்று இருக்கிறது. தட்பவெப்பச் சுகம் பற்றிய ஆய்வு என்று அதைச் சொல்லலாம். அதன் மாநாடுகளில் தோட்ட வீடுகளைப் பற்றிய கட்டுரைகளை நம் பிள்ளைகள் ஏன் சமர்ப்பிக்க வேண்டும் என்பதே இங்குள்ள கேள்வி.

யாரைக் கேட்டு எழுதிய விதி?

ஒரு மனிதனுக்கு எத்தனை டிகிரி சுகம்? 1970இல் டென்மார்க் அறிஞர் ஓலே ஃபாங்கர் இதற்கு ஒரு கணக்கு தந்தார். காற்றின் வெப்பம், சுற்றுச்சுவர்களின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்திய துணி, உடலின் உழைப்பு ஆகிய ஆறையும் சேர்த்த கணக்கு அது. குளிரூட்டிய அலுவலகங்களுக்கான உலகத் தரங்கள் பலவும் அதன்மேல் எழுந்தவை. அந்தக் கணக்குக்கு அடிப்படையானவர்களோ பெரும்பாலும் அமெரிக்க, டென்மார்க் கல்லூரி மாணவர்கள். சோதனை அறைக்குள் உட்காரவைத்து அவர்களைக் கேட்டார்கள். கொழுந்து பறிப்பவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். மனிதன் தன் ஊர்த் தட்பவெப்பத்துக்குப் பழகுகிறான், சன்னலைத் திறக்கிறான், போர்வை எடுக்கிறான், ஆகவே சுகத்தின் எல்லையும் ஊருக்கு ஊர் மாறும் என்றார்கள். ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் பல நாடுகளின் ஏறத்தாழ 21,000 பதிவுகளைக் கொண்டு இதற்கு ஒரு வாய்பாடு தந்தனர். வெளியின் மாதச் சராசரி வெப்பத்தை 0.31ஆல் பெருக்கி 17.8ஐக் கூட்ட வேண்டும்.

நம் ஊர்களுக்குப் போட்டுப் பார்ப்போம். கோலாலம்பூரின் சராசரியை 28 என்று கொண்டால் சுக வெப்பம் 26.5 டிகிரி. கேமரன் மலைக்கு 18 என்று கொண்டால் 23.4 டிகிரி. ஒரே நாட்டில் மூன்று டிகிரி வித்தியாசம்! பெரும்பாலோர் ஏற்கும் எல்லை இதிலிருந்து மேலும் கீழும் 3.5 டிகிரி. அப்படியானால் கேமரன் மலையின் கீழ் எல்லை சுமார் 20 டிகிரி. இரவில் வெளியே 15 டிகிரியை ஒட்டி இறங்கும் ஊரில், மெல்லிய சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீட்டுக்குள் எவ்வளவு இருக்கும்? குளிர்நாட்டு வீடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு 18 டிகிரி. நம் வீடுகள் அதற்கு மேலா, கீழா என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும்.

இந்தியா காட்டிய வழி

அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா என ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் 6,330 பதில்களைத் திரட்டினார்கள். அதிலிருந்து பிறந்த இந்தியச் சுக அளவுகோல் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. ஆய்வுக் கட்டுரை அரசு விதியாக மாறியது. மாநாடும் கட்டுரையும் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் தொழிலாளர் தங்குமிடங்களுக்குச் சட்டம் 446 இருக்கிறது. 2020 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பொதுத் தங்கறையில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும். இடத்துக்கு எண் வந்துவிட்டது. மலைத் தோட்டங்களில் கூரைக்கடியில் வெப்பக்காப்புத் தகடு வேண்டும், ஈரம் ஏறாத சுவர் வேண்டும் என்று கேட்கவும் அப்படி ஓர் எண் தேவை. இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் அந்த எண் பயன்படும்.

மொழி நம் கையில்

இந்த ஆய்வில் கருவியோடு கேள்வியும் முக்கியம். கடுங்குளிர் முதல் கடும் வெப்பம் வரை ஏழு படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தமிழில் 'ஜில்லுனு இருக்கு' என்றால் பாராட்டு, 'குளிருது' என்றால் முறையீடு. மலாயில் 'செஜுக்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் புழங்குகிறது. மலாய்ப் படிவத்தை நீட்டினால் பாட்டியின் முறையீடு பாராட்டாகப் பதிவாகிவிடலாம். தோட்டத்துப் பேச்சை அறிந்த மாணவர் இந்தப் பிழையை உடனே பிடித்துவிடுவார்.

செலவும் மலைக்க வைப்பதல்ல. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானாகப் பதிவுசெய்யும் சிறு கருவிகள் போதும். சுவரும் கூரையும் வீசும் வெப்பத்தை அறிய, கறுப்புச் சாயம் பூசிய பிங்பாங் பந்துக்குள் வெப்பமானி வைப்பதும் ஆய்வாளர்கள் ஏற்ற முறைதான். ஆனால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வீட்டாரின் சம்மதமும் முதலில் வேண்டும்.

சமர்ப்பிக்கும் முறை பொதுவாக இப்படித்தான். முதலில் சுமார் 300 சொற்களில் சுருக்கம். என்ன கேள்வி, எத்தனை வீடு, எத்தனை நாள், என்ன தெரிந்தது என்பது அதில் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் முழுக் கட்டுரை. துறை அறிஞர்கள் படித்துக் குறை சொல்வார்கள். திருத்தி அனுப்ப வேண்டும். 1994 முதல் இங்கிலாந்தின் வின்ட்சரில் நடந்துவந்த மாநாட்டுத் தொடர் இத்துறையில் பேர்பெற்றது. அனுப்பிய மறுநாளே 'ஏற்கப்பட்டது' என்று சொல்லிப் பணம் கேட்கும் மாநாடுகளிடம் எச்சரிக்கை தேவை. மாணவர் கட்டணச் சலுகை உண்டா, பல்கலைக்கழகம் உதவுமா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

தோட்டத்தில் பிறந்து கட்டடக்கலையும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுவார்கள். பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒன்று காத்திருக்கிறது. நம் சமுதாய அமைப்புகள் பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பத்து அளவுக்கருவிகளுக்கு ஒதுக்கினால், ஒரு வருடக் குளிரைப் பதிவுசெய்துவிடலாம். 'ரொம்பக் குளிருதுங்க' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டோம். இனி எத்தனை டிகிரி, எத்தனை இரவு, எத்தனை வீடு என்று சொல்லுவோம்.