கூட்டம் நடக்கும் இடம் ஊருக்குத் தெரிய வேண்டும்: குடிநோய் மீட்புக் கூட்டங்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு

குடிநோயிலிருந்து மீண்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. எங்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: “ஏ.ஏ. கூட்டம்னு சொல்றாங்களே, அது எங்கே நடக்குது?” டாஸ்மாக் கடைக்கு வழி கேட்டு இங்கே யாரும் அலைவதில்லை. பகல் 12 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணி வரை அது கண்ணெதிரே இருக்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளியில் வாரம் ஒரு மாலை நடக்கும் கூட்டமோ எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது.

“அது ரகசியக் கூட்டம், வெளியே சொல்லக் கூடாது” என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. அங்கே காக்கப்படுவது வருகிறவரின் பெயரும் அவர் பேசியதும். இடம், கிழமை, நேரம் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஓர் ஓட்டல் முகப்பில் பில் வில்சன் நின்றுகொண்டிருந்தார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் பேச்சுச் சத்தம், இன்னொரு பக்கம் ஊரின் தேவாலயங்களை வரிசைப்படுத்திய அறிவிப்புப் பலகை. அதைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் தானும் குடிநோயாளியான பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். அந்த இருவரிடமிருந்துதான் இவ்வளவும் வளர்ந்தது. விலாசம் எழுதிய ஒரு பலகை அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது.

கூட்ட இடத்தை ஊரறியச் செய்யுங்கள் என்ற கோரிக்கையை ஏ.ஏ. தானே எழுப்பாது. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை, வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பவை 1950இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட மரபுகளில் உள்ளவை. அதனால்தான் வெளியிலிருந்து நாங்கள் பேசுகிறோம்.

அரசு மருத்துவமனைகளிலிருந்து குடிநோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, மாத்திரைச் சீட்டோடு அவர் ஊருக்கு அருகில் நடக்கும் அடுத்த கூட்டத்தின் நாளையும் எழுதித் தர வேண்டும். “போய்ப் பாருங்க” என்ற வாய்வார்த்தை போதாது. 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, நோயாளியை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் மற்ற சிகிச்சை முறைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாகக் கண்டது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பதில் சொல்கிறவர்களிடமும் கூட்டங்களின் பட்டியல் இருக்க வேண்டும். ஒவ்வொரு டாஸ்மாக் கடை வாசலிலும் அது தொங்க வேண்டும். பாட்டிலில் எச்சரிக்கை அச்சிடும் அரசு, மீளும் வழியையும் கடைவாசலில் எழுதலாம்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. எங்களில் ஒருவர் முதலில் போனது ஒரு மூன்றாம் வகுப்பு அறை. முட்டி இடிக்கும் சின்ன பெஞ்சு. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. ஒருவர் எழுந்து, “வணக்கம், நான் ஒரு குடிநோயாளி” என்று பேச ஆரம்பித்தார். யாரும் குறுக்கிடவில்லை, புத்திமதி சொல்லவில்லை. துணிப்பை சுற்றி வந்தது, பத்தும் இருபதும் விழுந்தன. புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்றார்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு பெரியவர் காலண்டர் தாளின் பின்புறம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, “குடிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடு தம்பி, குடிச்சப்புறம் இல்ல” என்றார்.

சில கூட்டங்கள் தேவாலய வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். தேவாலயங்களும் பள்ளிகளும் மாலையில் குறைந்த வாடகைக்கு அறை தருகின்றன, அவ்வளவுதான். ஊராட்சிக் கட்டடங்களும் நூலகங்களும் அப்படித் தர வேண்டும். இலவசமாகத் தந்தால் ஏ.ஏ.வின் மரபுக்கு ஒத்துவராது. சிறு வாடகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டாயப்படுத்தி அனுப்புவதையும், வருகைக்குக் கையெழுத்து வாங்கிவரச் சொல்வதையும் நாங்கள் எதிர்க்கிறோம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அங்கே தகுதி, அதைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது. குடிநோயாளிப் பெண்களுக்கு, இருபது ஆண்கள் நடுவே தனியாக உட்காராமல் கலந்துகொள்ளத் தனிக் கூட்டமோ இணையவழிக் கூட்டமோ பட்டியலில் தெளிவாக இருக்க வேண்டும். 1951இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கானது. குடிக்கிறவர் வராவிட்டாலும் மனைவியோ அம்மாவோ தனியே அங்கே போகலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். பல வருடம் தினமும் குடித்தவர் கூட்டத்துக்குப் போகிற உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பழைய முகவரி, முகவரியே இல்லாததைவிடக் கொடியது. இடம் மாறியது தெரியாமல், பூட்டிய கேட் முன்னால் கால்மணி நேரம் நின்றுவிட்டு நேரே கடைக்குப் போன ஒருவரை நாங்கள் அறிவோம். மறுபடி அவர் எந்தக் கூட்டத்தையும் தேடவில்லை. ஆகவே நாங்கள் தயாரிக்கும் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்குக் கீழும் எங்கள் ஆள் நேரில் போய்ப் பார்த்த தேதி இருக்கும். மூன்று மாதம் தாண்டினால் அந்த வரியை எடுத்துவிட்டு, மறுபடி போய்ப் பார்த்த பிறகே சேர்ப்போம்.