கடலைக் கெடுத்தவன் கணக்குத் தீர்க்கட்டும்!

2021 மே 20-ந் தேதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்ற 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. சிங்கப்பூர் கொடி பறந்த அந்தக் கப்பலில் 1,486 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் ஒழுகுகிறது என்பது கப்பல் கொழும்புக்கு வருமுன்பே தெரிந்த விஷயம். கத்தாரிலும் குஜராத்தில் உள்ள ஹசீராவிலும் அதை இறக்க வழி கிடைக்கவில்லை. ஒழுகும் அமிலத்தோடேயே கப்பல் பயணத்தைத் தொடர்ந்தது. பல நாள் எரிந்து, ஜூன் 2-ந் தேதி மூழ்கத் தொடங்கியது.

அடுத்து நடந்ததை நீர்கொழும்பு மீனவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் கரையில் மீன் ஒதுங்கவில்லை. வெள்ளை வெள்ளையாகக் குருணை ஒதுங்கியது. அரிசிக் குருணை அல்ல, பிளாஸ்டிக் குருணை. உளுந்து அளவுள்ள இந்த மணிகளை உருக்கித்தான் வாளியும் குடமும் பையும் செய்கிறார்கள். அந்தக் கப்பலில் இருந்தது சுமார் 1,680 டன். கடலில் பிளாஸ்டிக் குருணை கொட்டிய விபத்துகளில் இதுவே ஆகப் பெரியது என்று ஐக்கிய நாடுகள் சபை நிபுணர்கள் கூறினார்கள். மீன்பிடிக்கத் தடை வந்தது. நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. சிங்கள மீனவன், தமிழ் மீனவன், முஸ்லிம் மீனவன் என்று பேதமில்லாமல் எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்தது.

இது அயல்நாட்டு விவகாரம் என்று நாம் இருந்துவிட முடியுமா? நான்கு ஆண்டுதான் ஆயிற்று. 2025 மே 25-ந் தேதி 640 கன்டெய்னர்களோடு 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. அதே குருணை திருவனந்தபுரம் கரையிலும், நமது கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கியது. மணலைச் சல்லடையில் சலித்துக் குருணை பொறுக்கும் வேலை நம் ஜனங்கள் தலையில் விழுந்தது.

"பொறுக்கி எடுத்தால் தீர்ந்தது" என்று சிலர் நினைக்கலாம். தீராது. ஏன் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாசலில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளியைப் பாருங்கள். இரண்டு கோடை போனால் நிறம் வெளுக்கும். கை வைத்தால் நொறுங்கும். பிளாஸ்டிக் என்பது நுண்ணிய கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. நூல் நூற்கும் தோழர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இழை நீளமாக இருக்கும்வரைதான் நூலுக்குப் பலம். சூரியனின் புற ஊதாக்கதிரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து இந்தச் சங்கிலியை அறுக்கின்றன. அலையும் மணலும் அதை அரைக்கின்றன. பை துண்டாகும், துண்டு துகளாகும், துகள் கண்ணுக்குத் தெரியாத தூசியாகும். ஆழ்கடலின் இருட்டிலும் குளிரிலும் இது மிக மெதுவாக நடக்கும். வெயில் காயும் கரையில் வேகமாக நடக்கும்.

இதில்தான் ஏமாற்று இருக்கிறது. கண்ணில் படவில்லை என்பதால் அழிந்துவிட்டது என்று பொருளல்ல. இலை மக்கினால் உரமாகும். பிளாஸ்டிக் நொறுங்கினால் பிளாஸ்டிக் தூசிதான் ஆகும். பெரிய துண்டாக இருந்தபோது ஆமையின் தொண்டையை அடைத்தது. தூசியான பிறகு மீன்குஞ்சின் வயிற்றுக்குள், சிப்பியின் சதைக்குள் போகிறது.

நொறுங்கும்போது அதற்குள் இருப்பதும் வெளியேறுகிறது. பிளாஸ்டிக்கை வளையச் செய்யவும் நிறமேற்றவும் சேர்த்த ரசாயனங்கள் கடல்நீரில் கசிகின்றன. இன்னொரு பக்கம், கடலில் ஏற்கெனவே கலந்திருக்கும் விஷங்களை அது இழுத்து ஒட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள நீரைவிட 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு வரை செறிவாக இந்த விஷங்கள் குருணையில் சேர்கின்றன என்று 2001-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டார்கள். அங்கே சிக்கிய விஷங்களில் நம் வயல்களில் ஒரு காலத்தில் தெளித்த டி.டி.டி. மருந்தின் மிச்சமும் ஒன்று. வயலில் கூலிக்காரன் மூச்சில் ஏறிய விஷம் கடலுக்குப் போய், குருணையில் ஒட்டி, மீனுக்குள் புகுகிறது.

2018-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். வெயிலில் சிதையும் பிளாஸ்டிக் மீத்தேன் முதலிய வாயுக்களை வெளியிடுகிறது. கைப்பை செய்யும் சாதாரண பாலிதீன்தான் இதில் முதலிடம். மற்றப் புகைகளோடு ஒப்பிட்டால் அளவு சிறிது. ஆனால் துண்டு சிறிதாகச் சிறிதாக வாயு அதிகமாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் நேரடியான கவலையும் உண்டு. இன்று உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். பாலியஸ்டர் பிளாஸ்டிக்தான். அந்தத் துணியை வெளுக்கும் தண்ணீரில் இழைத்துகள் கழன்று ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. ஆலைக்குள் அதே துகள் காற்றில் பறக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நைலான் இழையைப் பொடியாக நறுக்கும் ஆலைத் தொழிலாளருக்கு நுரையீரல் நோய் வந்ததை 1998-இல் டாக்டர்கள் வெளிப்படுத்தினார்கள். பஞ்சுத் தூசிக்கு எதிராக நாம் பேசி வந்தோம். பிளாஸ்டிக் தூசிக்கு எதிராகவும் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

குற்றவாளி யார்? "ஜனங்கள் கண்ட இடத்தில் குப்பை போடுகிறார்கள்" என்று கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். குப்பை போடுவது நல்லதென்று நாமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, நல்ல தடை. ஆனால் பூக்காரம்மாவிடம் அபராதம் கேட்கும் அதிகாரியின் கை, பையைச் செய்து தள்ளும் முதலாளியின் கேட்டைத் தட்டுகிறதா என்று கேட்கிறோம். கொழும்புக் கடலில் 1,680 டன் குருணையைக் கொட்டியது எந்தப் பூக்காரம்மா?

உலகில் ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. பெரும்பாலும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் இருந்து செய்வது. 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் மறுபடி உருக்கிப் பயன்படுத்தியது சுமார் 9 சதவிகிதம்தான். உற்பத்திக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் பல நாடுகள் மன்றாடின. எண்ணெய் நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தமில்லாமலே மாநாடு கலைந்தது.

நஷ்ட ஈட்டின் கதையைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் விஷயத்தில் பொறுப்பு 1 கோடியே 90 லட்சம் பவுண்டோடு தீர்ந்தது என்று 2023-இல் லண்டன் கோர்ட்டு வரம்பு கட்டியது. கப்பலின் எடையைப் பார்த்துப் போடும் வரம்பு அது. பட்டினி கிடந்த குடும்பங்களை எண்ணிப் போடுவது அல்ல. 2025 ஜூலையில் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு 100 கோடி டாலர் கட்டும்படி தீர்ப்பளித்தது. "கட்ட மாட்டோம்" என்று கம்பெனித் தலைவர் செப்டம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். எல்சா 3 விஷயத்தில் கேரள சர்க்கார் 9,531 கோடி ரூபாய் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனது. அதே கம்பெனிக் குழுவின் இன்னொரு கப்பலைத் தடுத்து வைக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்ட பிறகுதான் எதிர்த்தரப்பு அசைந்தது. இதிலிருந்து பாடம் ஒன்றுதான்: கப்பலைப் பிடித்தால்தான் பணப்பெட்டி திறக்கிறது.

எனவே நாம் கோருகிறோம்:

பிளாஸ்டிக் குருணையை அபாயச் சரக்காக அறிவித்து, கப்பலின் மேல்தட்டில் ஏற்றுவதைச் சட்டப்படி தடுக்க வேண்டும். 2024-இல் சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் வெளியிட்டது வெறும் சிபாரிசு. சிபாரிசு கடலைக் காக்காது.

நஷ்டம் எவ்வளவோ அவ்வளவும் கம்பெனி கட்ட வேண்டும். அதில் முதல் பங்கு மீனவக் குடும்பத்துக்கு வர வேண்டும்.

செயற்கை இழை ஓடும் ஆலைகளில் தூசி உறிஞ்சும் கருவியும், தொழிலாளருக்கு ஆண்டுதோறும் நுரையீரல் சோதனையும் கட்டாயமாக வேண்டும்.

பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு வர வேண்டும். அப்படி வரும்போது அந்த ஆலைத் தொழிலாளிக்கு மாற்று வேலையும் முழுக் கூலியும் தராமல் ஒரு ஆலையின் கதவையும் மூடக்கூடாது. குற்றம் செய்தது லாபம், தண்டனை தொழிலாளிக்கா?

கடல் எந்தக் கம்பெனியின் சொத்தும் அல்ல. வலை வீசுபவனுக்கும் நூல் நூற்பவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் அதில் பங்கு உண்டு. கன்னியாகுமரிக் கரையில் குருணை பொறுக்கிய கைகளோடு நம் கைகளும் சேரட்டும். சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி சர்க்காருக்கு அனுப்புங்கள். கெடுத்தவன் கணக்குத் தீர்க்கும்வரை நாம் ஓயப்போவதில்லை!