ஏர் கன் வந்தது, ஸ்டட் டிரைவர் வரவில்லை

நாமக்கல் வட்டாரத்தில் ஏர் கன் இல்லாத லாரிப் பட்டறை இன்று அரிது. பஞ்சர் கடையில்கூட கம்ப்ரஸரை ஓடவிட்டு, வீல் நட்டுகளை எல்லாம் சடசடவென்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். வேகம் தருகிற கருவி என்றால் நாம் காசு பார்ப்பதில்லை. அதே பட்டறையில் ஸ்டட் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பைப் ரெஞ்சை எடுத்துக் காட்டுவார்கள். சேலம் ரோட்டில் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட்டு. இரண்டு முனையிலும் மரை. ஒரு முனை ஹப்புக்குள்ளோ இன்ஜின் பிளாக்குக்குள்ளோ இறங்கி அங்கேயே தங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நட்டு ஏறும். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தேய்வது நட்டும் ஸ்டட்டும்தான், விலை கூடிய ஹப்பின் மரை தப்பித்துக்கொள்ளும். ஆனால் தலை இல்லாததால் பானா போட்டுப் பிடிக்க இடமில்லை.

இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, மேல் நட்டைப் பிடித்து முறுக்குவது பழைய வழி. நாணயமான வழிதான். ஆனால் நட்டுகளைப் பிரிக்கும்போது சில நேரம் ஸ்டட்டும் கூடவே இளகி வரும். ஒவ்வொன்றுக்கும் மாட்டி, இறுக்கி, பிரித்து என்று போனால் மூன்றாவது ஸ்டட்டிலேயே பையனுக்குப் பொறுமை போய்விடும். கை தானாகப் பைப் ரெஞ்சுக்குப் போகும். அதன் பல் ஸ்டட்டின் நடுத்தண்டில் பதிகிறது. அந்தத் தடம்தான் பிற்பாடு விரிசலாகிறது.

பின் ஆக்சில் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினின் முறுக்கு முழுவதும் அவற்றின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஒன்று முறிந்தால் அதன் பங்கு மற்றவற்றின் மேல் ஏறும். பிறகு வரிசையாகப் போகும். பெங்களூரு பக்கம் லோடோடு போகிற வண்டிக்கு இது நடப்பதென்றால் தொப்பூர் ஏற்றத்தில்தான் நடக்கும். இன்ஜின் அலறும், சக்கரம் அசையாது. பின்னால் தேசிய நெடுஞ்சாலை 44 அடைத்து நிற்கும். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இன்னும் சோதனை. பாறையை இடித்துத் துளைக்கும் அதிர்வில் கம்ப்ரஸரின் ஸ்டட்டுகள் நாள் முழுக்க உதறிக்கொண்டே இருக்கும். பழுது நேர்வதோ பாஷை தெரியாத ஏதோ ஓர் ஊரில்.

ஸ்டட் டிரைவர் சின்னக் கருவி. ஸ்டட்டின் வெளிமரையில் ஏறி, உள்ளே இருக்கும் தடையில் முட்டிப் பிடித்துக்கொள்ளும், நடுத்தண்டைத் தொடாது. இறக்கி முடித்ததும் எதிர்ப்பக்கம் திருப்பினால் பிடி விட்டுக் கருவி மட்டும் கழன்று வரும், ஸ்டட் நகராது. கையால் ராட்செட்டில் மாட்டியும் திருப்பலாம், மெஷினில் பொருத்தியும் ஓட்டலாம். ஒரு புது லாரி டயர் வாங்குகிற காசில், வழக்கமான அளவுகளுக்கு ஒரு செட்டே வாங்கிவிடலாம். (கருவி எதுவானாலும், அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்துவிட்டு இறக்குங்கள். எண்ணெய் அமுங்காது. அழுத்தத்தில் வார்ப்பே வெடிக்கும்.)

பட்டறைக்காரர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். "சாயங்காலம் லோடு ஏத்தோணுமுங்க, சீக்கிரம் முடிச்சு உடுங்க" என்கிற ஓனர், கூலியில் நூறு ரூபாய் குறைக்கவும் பார்க்கிறார். அவசரத்துக்கு ஏற்ற வேலைதான் கிடைக்கும். வீல் நட்டு விஷயத்திலும் இதே கதை. பெரிய லாரியின் 22 மில்லிமீட்டர் நட்டுக்குச் சுமார் 600 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். அதாவது, ஒரு மீட்டர் நீளப் பானாவின் நுனியில் அறுபது கிலோ ஆள் தொங்குகிற பாரம். ஏர் கன் அதை அளக்காது, அடிக்க மட்டும் செய்யும். அதற்கும் மேல் பைப்பைச் சொருகி ஏறி மிதிக்கிறார்கள்!

இறுக்கம் தப்பினால் சக்கரமே கழன்று ஓடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1995இல் லாரிகளிலிருந்து கழன்ற சக்கரங்கள் அடித்து இருவர் இறந்தார்கள். 1997இல் சட்டம் வந்தது. ஓடும் வண்டியில் சக்கரம் கழன்றால், கவனமாகத்தான் இருந்தோம் என்று வாதாடித் தப்ப முடியாது. 2,000 முதல் 50,000 கனடா டாலர் வரை அபராதம். நம் ஊருக்கு அவ்வளவு கடுமை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் வண்டிகளை நிறுத்திப் போராடத் தெரிந்த நம் உரிமையாளர் சங்கங்கள், தாலுகாவுக்கு ஒரு ஸ்டட் டிரைவர் செட்டும் இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கி வைத்துச் சின்னப் பட்டறைகளுக்கு நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையன்களுக்கு அவற்றைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது.

அதுவரை ஓனர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. புது ஸ்டட் போட்ட பிறகு, ஷாஃப்ட்டை மாட்டுவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள். தண்டில் பல் பதிந்த தடம் தெரிந்தால், அந்த ஸ்டட்டைக் கழற்றி வேறு போடச் சொல்லுங்கள். லோடு ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.