வீட்டுக்கு வீடு குழாய் சரி, கோடையில் தண்ணீர் வருமா?

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் ஊரக வீடுகளில் சுமார் 17 சதவீதத்துக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு சொன்ன கணக்கு 15 கோடி வீடுகள், அதாவது 80 சதவீதம். ஐந்தரை ஆண்டுகளில் இது சாதாரண வேலை இல்லை. ஆனால் 2024-ல் முடிந்திருக்க வேண்டிய திட்டம், அதே பட்ஜெட்டில் 2028 வரை நீட்டிக்கப்பட்டது.

குழாயும் மேல்நிலைத் தொட்டியும் அரசு கட்டித் தரும். தொட்டியை நிரப்பத் தண்ணீர் வேண்டுமே? கூட்டுக் குடிநீர்த் திட்டம் எட்டாத ஊர்களில் பஞ்சாயத்து போர்வெல்தான் ஆதாரம். அதுவும், சற்றுத் தள்ளி நம் தோட்டத்தில் ஓடும் போர்வெல்லும் பல இடங்களில் ஒரே நிலத்தடி நீரைத்தான் எடுக்கின்றன. நாடு முழுவதும் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ 87 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. வீட்டு உபயோகத்துக்கு 11 சதவீதம்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஊர்க் குழாயில் தண்ணீர் வருமா, காற்று வருமா என்பது பெரும்பாலும் நாம் என்ன பயிர் வைத்தோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 1,000 பேர் உள்ள ஊருக்கு ஒரு நாளைக்கு 55,000 லிட்டர், ஆண்டுக்குச் சுமார் 2 கோடி லிட்டர். கரும்புக்கு ஒரு பருவத்தில் ஏறக்குறைய 2,000 மி.மீ. தண்ணீர் தேவை. ஒரு ஹெக்டேரில் 2,000 மி.மீ. என்றால் அதுவும் 2 கோடி லிட்டர்! இரண்டரை ஏக்கர் கரும்பு குடிப்பது, ஓர் ஊரின் ஓராண்டுக் குடிநீர். இதில் ஒரு பகுதி மழையாகக் கிடைக்கிறது, கொஞ்சம் மண்ணுக்குள் திரும்பவும் இறங்குகிறது என்பது உண்மைதான். ஆனாலும் கோடையில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி போர்வெல்லிலிருந்துதான் வர வேண்டும். நெல்லுக்கு 1,200 மி.மீ., நிலக்கடலைக்கு 500 மி.மீ. அளவில், பயறு வகைகளுக்குச் சுமார் 300 மி.மீ. என்று மற்றவற்றையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை ஊரே உட்கார்ந்து போடும் இடம் ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிராவின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில், மழை குறைந்த பகுதியில் உள்ள ஹிவ்ரே பஜார். 1990-க்கு முன்பு பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம். போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு குன்றுகளில் சம உயர வரப்புக் குழிகள் வெட்டினார்கள், தடுப்பணைகள் கட்டினார்கள், மரம் வெட்டுவதையும் கண்டபடி மேய்ப்பதையும் நிறுத்தினார்கள். இதெல்லாம் பல ஊர்களில் நடந்ததுதான். ஹிவ்ரே பஜார் அடுத்த படிக்கும் போனது. பாசனத்துக்கு போர்வெல் போடக் கூடாது, தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பு, வாழை வேண்டாம் என்று கிராம சபையே முடிவெடுத்தது. பருவமழை முடிந்ததும் பெய்த மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் வைத்துத் தண்ணீர் பட்ஜெட் போடுகிறார்கள். மனிதருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஏற்பத்தான் பயிர்.

ஒரு வலுவான தலைவர் இருந்ததால் அங்கே நடந்தது, அதை அப்படியே எல்லா ஊரிலும் செய்ய முடியாது என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கரும்பை விட்டவர்களுக்கு வெங்காயமும் காய்கறியும் பாலும் வருமானம் கொடுத்தன. மாற்றுப் பயிருக்கு விலையும் சந்தையும் காட்டாமல், குடிநீருக்காகக் கரும்பை விடு என்று விவசாயியிடம் மட்டும் கேட்பது நியாயம் ஆகாது. இலவச மின்சாரம் இருக்கும்வரை நீர் இறைக்கும் செலவும் நமக்கு உறைக்காது (இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்).

தலைவரைக் கடன் வாங்க முடியாது. அளக்கும் பழக்கத்தை வாங்கலாம். நிலத்தடி நீரைச் சமூகமே நிர்வகிக்க மத்திய அரசு 2019-ல் அடல் பூஜல் திட்டத்தை 7 மாநிலங்களுக்காகத் தொடங்கியது. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை, ஆகவே நாமாகத்தான் தொடங்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மழைமானி, நான்கைந்து கிணறுகளில் எடை கட்டிய கயிறு விட்டு மாதம் ஒரு முறை நீர்மட்டம், ஒரு நோட்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து வரும் ஜனவரி 26 கிராம சபையில் அந்த நோட்டைப் படித்தால், கோடைப் பயிருக்கு நாற்று விடும் முன்பே எவ்வளவு ஏக்கர் தாங்கும் என்று பேசலாம். பஞ்சாயத்து போர்வெல்லை ஒட்டிய தோட்டங்களுக்குச் சொட்டுநீர் மானியத்தில் முன்னுரிமை கேட்டும் அதே கூட்டத்தில் தீர்மானம் போடலாம்.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குடிக்கத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், சோதித்த மாதிரிகளில் சுமார் 20 சதவீதத்தில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. நாம் தேவைக்கு மேல் போடும் யூரியாவும், குவித்து வைக்கும் சாணமும், கழிவறைக் குழிகளும் இதற்குக் காரணங்கள். பயிருக்குப் பிரித்து இடாத தழைச்சத்து, அடுத்த பெருமழையில் கீழே இறங்கிவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரப்படுகிறது. உங்கள் ஊரில் அந்தப் பரிசோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைத்துக் கொடுக்கக் கூடாது. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.