எந்த நேம்ஸ்பேஸ்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்து இருக்கைத் தம்பி கேட்டான்: "அண்ணா, லாக் மட்டும் பாக்கணும். ஆக்சஸ் குடுத்துட்டுப் போங்களேன்." எங்கள் சர்வர் கூட்டத்தை, அதாவது கிளஸ்டரை, நடத்தும் குபர்னெட்டீஸில் அதற்கு ஒரு வரி போதும். அவன் பெயருக்கு 'கிளஸ்டர்-அட்மின்' என்று பைண்டிங் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். லாக் பார்க்கக் கேட்டவனுக்கு மொத்த கிளஸ்டரையும் அழிக்கும் உரிமை! திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை ஒன்றரை வருடம் கழித்து, ஆடிட் என்ற பெயரில் வந்தது.

பட்டியலை எடுத்தால் பதினோரு அட்மின்கள். அதில் நான்கு பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். கேக் வெட்டி வழியனுப்பியபோது லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஞாபகமாக வாங்கி வைத்தவர்கள்தான் நாங்கள்.

இத்தனைக்கும் 'வியூ' என்றொரு ரோல் தயாராகவே இருக்கிறது. அதை வைத்து லாக் பார்க்கலாம். கடவுச்சொல் போன்ற சீக்ரெட்டுகளைத் தொட முடியாது. அதையும் கிளஸ்டரின் ஒரு பகுதிக்குள், அதாவது ஒரே நேம்ஸ்பேஸுக்குள், அடக்கிக் கொடுக்கலாம். எந்த நேம்ஸ்பேஸ் என்று நான் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த உரிமைகளைக் கையாளும், 2017இல் குபர்னெட்டீஸ் 1.8 பதிப்போடு நிலைபெற்ற ஆர்பேக் முறைக்கு ஒரு குணம் உண்டு. அதில் அனுமதிக்கும் விதிகள் மட்டுமே. மறுக்கும் விதி கிடையாது. ஒருவருக்கு ஐந்து வழியில் உரிமை வந்திருந்தால், நான்கை அடைத்தாலும் ஐந்தாவது திறந்தே இருக்கும். பைண்டிங்குக்குக் காலாவதித் தேதி போடவும் இடமில்லை.

அதைவிடப் பெரிய வம்பு சான்றிதழ். கிளஸ்டருக்குள் பயனர் பட்டியல் என்று எதுவும் இல்லை. கிளஸ்டரின் மூலச் சான்றிதழால் கையெழுத்தான சான்றிதழைக் கொண்டுவந்தால், அதில் என்ன பெயர், என்ன குழு எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்பும். போனவர்களில் ஒருவரிடம் 'சிஸ்டம்:மாஸ்டர்ஸ்' குழுவின் சான்றிதழ் இருந்தது. எந்தப் பைண்டிங்கை நீக்கினாலும் அந்தக் குழுவின் அதிகாரம் போகாது. கொடுத்த சான்றிதழை நடுவில் செல்லாததாக்கவும் குபர்னெட்டீஸில் வழியில்லை. கடைசியில் கிளஸ்டரின் மூலச் சான்றிதழையே மாற்றினோம். ஞாயிறு நள்ளிரவில் தொடங்கி, ஒவ்வொரு நோடாகப் புதுப்பித்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. கொடுக்க ஒரு வரி. திரும்ப வாங்க ஒரு ராத்திரி.

இப்போது தனி ஆளுக்கு உரிமை கொடுப்பதில்லை, குழுவுக்குத்தான். கிளஸ்டருக்குள் நுழைவதும் சான்றிதழால் அல்ல, அலுவலக லாகினால்தான்; அதிலிருந்து பெயர் போனால் கிளஸ்டரிலிருந்தும் போய்விடும். புதிதாக ஒருவரைச் சேர்த்தால், 'ஆத் கேன்-ஐ' கட்டளையில் அவர் பெயரையும் குழுவையும் கொடுத்து, "இவரால் சீக்ரெட் படிக்க முடியுமா?" என்று கேட்டுப் பார்க்கிறோம். 'நோ' என்று வந்தால் நிம்மதி.

போன வெள்ளிக்கிழமை, அதே ஆறு மணி. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்தத் தம்பியிடம் லாக் பார்க்க ஆக்சஸ் கேட்டாள். அவன் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "எந்த நேம்ஸ்பேஸ்? எத்தனை நாளைக்கு?"

நான் நிம்மதியாக பஸ்ஸைப் பிடித்தேன்.